ஒரு முழம் ஆழத்து வெளிச்சம்

தண்ணீரை வெட்டுவது என் பிழைப்பு. கத்தியால் அல்ல, கம்ப்யூட்டரில். ஒரு குட்டையை எடுத்துக்கொண்டு வெற்றிலைக் கனத்துக்கு அடுக்கடுக்காக அரிந்து, மேலே விழும் வெயிலில் முதல் அடுக்கு எவ்வளவு விழுங்கியது, மிச்சம் அடுத்த அடுக்குக்கு எவ்வளவு போனது, அதற்கும் கீழே எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே அடிமண் வரை இறங்குவேன். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பாதியிலேயே பாயசம் வாங்க எழுந்து போய்விடுவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இதைவிட அழகான வேலை இந்த மாவட்டத்தில் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

விஷயம் எளிதானதுதான். இலை, சருகு, வேர் எல்லாம் ஊறி அதன் சாறு தண்ணீரில் இறங்கிவிடும். வடிகட்டினாலும் போகாது, நிறமாக நிற்கும். கரைந்த கரிமப் பொருள் என்று புத்தகத்தில் எழுதுவோம். வெயில் பட்டதும் அது சும்மா கிடக்காது. வெளிச்சத்தை விழுங்கும், துள்ளும், பக்கத்தில் கிடப்பதையெல்லாம் உடைக்கும். கழனியிலிருந்து வழிந்து வந்த பூச்சி மருந்து இருந்தால் அதையும் உடைக்கும். கடைசியில் தன்னையே உடைத்துக்கொண்டு வெளுத்துப்போகும். எந்த வெயிலுக்கு எவ்வளவு வெளுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு கணக்கு மாதிரியைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் இடத்தில் அதை மாடல் என்போம். வீட்டிலும் அதே பேர்தான். அம்மா மட்டும் அதை ஒரு பெண் பிள்ளையின் பெயர் போலச் சொல்வாள். "மாடல் இன்னிக்கி ஒழுங்கா கீதா?"

என் குட்டை செய்யூருக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. மழைக்காலத்தில் மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். அதில் சவுக்கு ஊசிகள் உதிர்ந்து, ஊறி, தை மாதம் போல அது நல்ல டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். காற்று எப்போதும் அந்தத் தோப்பில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். குனிந்து பார்த்தால் மேலே வானம் தெரியும். கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் தேன் நிறமாகி, இன்னும் கீழே போனால் செம்பு நிறமாகி, அப்புறம் என் கையே எனக்குத் தெரியாது. நான் அந்தக் கரையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். வேலை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் கனவுதான்.

அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போவது நைனா, என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கருங்குழியிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளில் கிளம்புவோம். நைனா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் செங்கல்பட்டு மாமல்லபுரம் தடம். காலையில் கடலைப் பார்த்து ஓட்டுவார், சாயந்தரம் கடலுக்கு முதுகைக் காட்டி வருவார். ஓய்வு பெற்ற பிறகும் அவரால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து புதுப்பட்டினத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றை ஓட்டினார். காலையில் இறக்கிவிட்டு வந்தால் மறுபடி சாயந்தரம்தான். நடுப்பகல் முழுக்க வீட்டில் ஒரு வேலையும் இல்லாமல் அம்மாவின் சமையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

நான் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து முடித்ததும், தோப்பைத் தாண்டி நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். நைனா மணல்மேட்டில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலை ஒரு பழைய வண்டியைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்ப்பார்.

"உன் கடலு இப்பல்லாம் பழைய மாதிரி இல்லம்மா. கலரே பூடுச்சு. நான் வண்டி ஓட்டினு இருக்க சொல்லோ எப்டி இருந்துச்சு தெரியுமா? அப்டி ஒரு நீலம். இப்போ பாரு, சேத்துத் தண்ணி மாதிரி."

"நீலமாத்தான் நைனா கீது."

"இன்னாத்த நீலம். கெமிக்கல் வுட்டு வுட்டுக் கெட்டுப் பூடுச்சு. நீ படிச்சவ, இதெல்லாம் எழுதக் கூடாதா?"

நான் வாதாடவில்லை. சொல்லப்போனால் எனக்கே லேசான சந்தேகம் வந்தது. நாற்பது வருடம் பார்த்த மனிதர் சொல்கிறார், நான் நேற்று வந்தவள். பாலாற்று முகத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் இறங்குகிறதோ, அடுத்த முறை கடல் தண்ணீரையும் ஒரு பாட்டில் பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இப்படி இருக்கும்போது நாங்கள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில் சோலார் பலகைகளை வரிசையாக நட்டுவிட்டார்கள். வெயிலைப் பிடிக்க வந்தவர்கள் வெயிலை ஆராய்கிறவர்களை விரட்டிவிட்டார்கள். என் ஆராய்ச்சி வழிகாட்டி, கோபமே வராத ஒரு அம்மையார், "உங்க வீட்டு மாடியில மரம் கிரம் இல்லையே? அங்கயே வெச்சுக்கோங்களேன்" என்றார். எங்கள் வீட்டு மாடியில் துணிக் கொடியும் தண்ணீர்த் தொட்டியும் தவிர வானம்தான். அப்படித்தான் சவுக்குக் குட்டை கருங்குழி மாடி ஏறியது.

ஏற்பாடு இதுதான். விரல் நீளத்துக்கு குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்கள், அவற்றில் குட்டைத் தண்ணீர். குழாய்கள் கொதித்துவிடாமல் இருக்க அகலமான இரண்டு தட்டுகளில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் படுக்க வைக்க வேண்டும். ஒரு தட்டின் மேல் வெயில் முழுவதையும் விடும் வெள்ளைத் தாள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். இன்னொரு தட்டின் மேல் புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் தாள். இரண்டாவது தாளுக்கு மிக லேசான மஞ்சள் சாயை உண்டு, எலுமிச்சைத் தண்ணீர் போல. இரண்டு தட்டிலும் தண்ணீர் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்தால், வெளுப்பதில் புற ஊதாவின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். என் மாடலுக்கு அந்த ஒரு எண்தான் வேண்டும். அது இல்லாமல் மாடல் எண்ணெய் இல்லாத விளக்கு.

நான் காலையில் வைத்துவிட்டுச் செங்கல்பட்டு போய்ப் பஸ் மாறி வேலைக்குப் போய்விடுவேன். நடுப்பகலில் தட்டுத் தண்ணீர் சூடேறிவிடும். தாள்களை எடுத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி மூட வேண்டும். அந்தப் பொறுப்பை நைனா தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயந்தரம் வேனுக்குக் கிளம்பும் முன் தாள்களை எடுத்து வைப்பதும் அவர்தான். தலையில் துண்டு, கையில் வாளி. மாடியில் அவர் நடமாடுவதைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் வடகம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். "ஆராய்ச்சி நடந்துகினு கீது" என்று மேலிருந்தே பதில் சொல்வாராம். எந்தத் தாள் எந்தத் தட்டுக்கு என்பதை ஒரே வரியில் சொல்லியிருந்தேன். மஞ்சள் தொட்டிப் பக்கம், வெள்ளை கொடிப் பக்கம். கண்ணுக்குத் தெரிகிற நிறம் இருக்கும்போது தனியாக அடையாளம் எதற்கு?

முடிவுகள் வரத் தொடங்கின. இரண்டு தட்டும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன.

நம்ப முடியவில்லை. மறுபடி வைத்தேன். மறுபடி அதே. என் மாடல் ஒரு பக்கம், வெள்ளைத் தாள் தட்டு மளமளவென்று வெளுக்கும், மஞ்சள் தாள் தட்டு பின்தங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உலகத்துக் குட்டைகள் எல்லாம் அப்படித்தான். என் குட்டை மட்டும் புற ஊதாவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முதலில் மாடலைத் திட்டினேன். ராத்திரி சாப்பாட்டின்போதும் திட்டினேன். நைனா எனக்காகப் பரிந்து, "வுடும்மா, தண்ணியும் மன்சன் மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காது" என்றார்.

பிறகு மெல்ல வேறு ஒரு எண்ணம் வந்தது. ஒருவேளை குட்டை சொல்வதுதான் சரியோ? சவுக்கு ஊசியில் வேறெதிலும் இல்லாத ஏதோ ஒன்று இருந்து, அது சாதாரண வெளிச்சத்தையே போதும் என்று எடுத்துக்கொள்கிறதோ? செங்கல்பட்டிலிருந்து பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கொளவாய் ஏரி பளபளப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன். என் குட்டை, யாரும் அறியாத என் குட்டை, ஒரு தனி விதியின்படி வாழ்கிறது என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் லேசாகிவிடும். அந்தத் தண்ணீருக்குள் எது துள்ளுகிறது, எது உடைகிறது என்று விதவிதமாகக் கற்பனை செய்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் அந்தக் குட்டையின் மேல் காதலில் இருந்தேன்.

வழிகாட்டி அம்மையார்தான் காற்றைப் பிடுங்கிவிட்டார். "நல்லா இருக்கு. ஆனா ஒரு நாள் முழுக்க நீங்களே கூட இருந்து பாருங்க" என்றார்.

அன்று பாதி நாள் விடுப்பு போட்டுவிட்டு நடுப்பகலில் வீடு வந்தேன். உச்சி வெயில். படியேறி மாடிக் கதவருகே நின்றபோது நைனா தண்ணீர் மாற்றி முடித்திருந்தார். இரண்டு தாள்களையும் இரண்டு கையில் தூக்கி வானத்துக்கு நேரே பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். ஒன்றை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு, கியர் மாற்றுவது போன்ற அத்தனை உறுதியோடு, மஞ்சள் தாளைக் கொண்டுபோய்க் கொடிப் பக்கத்துத் தட்டின் மேல் போட்டார்.

"நைனா! மஞ்சள் எங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு சிரித்தார். "தோ, நீ சொன்ன இடத்துலதான்" என்று வெள்ளைத் தாளைக் காட்டினார்.

காலையில் நான் வைத்தது நடுப்பகலில் இடம் மாறி, இரண்டு தட்டும் பாதிப் பாதி நாள் ஒரே வெயிலைத் தின்றிருக்கின்றன. எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. இத்தனை வாரத்து வேலை, என் குட்டை, என் தனி விதி, எல்லாம் இந்தத் துண்டு கட்டிய மனிதரின் கையில் போய்விட்டது. "அது வெள்ளை நைனா! இதுதான் மஞ்சள்! பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

நைனா இரண்டு தட்டையும் பார்த்தார். நிதானமாக, மாறி மாறி.

"ரெண்டும் மஞ்சளாத்தாம்மா கீது," என்றார். "எது ஜாஸ்தி மஞ்சளோ அத்த அந்தப் பக்கம் வெச்சினு வரேன்."

கோபம் அப்படியே வாயில் நின்றுவிட்டது. அந்த வெள்ளைத் தாளில் மஞ்சள் என்று சொல்ல ஒரு துளி கிடையாது.

அன்றைக்கு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. டியூப்லைட்டை மாற்று, மங்கிப்போச்சு என்று மாதம் ஒருமுறை சொல்வது. எதிரே வரும் வண்டிகளின் லைட் இப்போதெல்லாம் கண்ணைக் குத்துகிறது, கம்பெனிக்காரன் பேஜாரு பண்றான் என்று வைவது. போன பொங்கலுக்கு வீட்டுக்குச் சந்தன நிறம் அடிக்கிறேன் என்று அவரே பெயிண்ட் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரி போல வெள்ளை வெளேர் என்று அடித்துவிட்டு, "பாத்தியா, சந்தனம்" என்று எங்களிடம் பெருமைப்பட்டது. நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அம்மாவும் நானும் அதை அவருடைய ரசனை என்றே நினைத்திருந்தோம்.

மாலை அவர் சாவியை எடுத்தபோது நான் வாசலில் நின்றேன்.

"வேன் எடுக்காத நைனா. கண் டாக்டரைப் பாத்துட்டு எடு."

"எனக்கு இன்னா, ரோடு தெரியல? கண்ண மூடினு ஓட்டுவேன்."

"அப்டித்தான் ஓட்டினு கீற!"

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இன்னாய்யா, அவதான் சொல்றா இல்ல?" நைனா செருப்பை மாட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார். "என்கூட டூட்டி பாத்தவன் ஒருத்தன் கண்ணு ஆபரேசன் பண்ணிகினான். அப்பால அவன வண்டியே தொட வுடல. டெப்போல டிக்கெட் எண்ணினு இருந்து ரிட்டயர் ஆனான். கண்ணுல கத்தி வெச்சா ஸ்டியரிங் போச்சு. அத்தோட நான் இன்னாத்துக்கு?" வேன் கிளம்பிப் போய்விட்டது. அவர் திரும்பி வரும்வரை அம்மாவும் நானும் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. அவருக்காகவும், அந்த வேனில் இருந்தவர்களுக்காகவும், ரோட்டில் நடந்த எல்லோருக்காகவும்.

இப்படியே சில நாள் ஓடியது. நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. வேலையிலும் மனது ஓடவில்லை. ஒரு நாள் சும்மா, செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், மாடலை ஓட்டி அந்தக் குட்டையில் ஒரு முழம் ஆழத்தில் என்ன வெளிச்சம் மிஞ்சுகிறது என்று பார்த்தேன். திரையில் கோடு வந்தது. ஊதா இல்லை. நீலம் இல்லை. பச்சையில் கொஞ்சம். மஞ்சளிலிருந்து சிவப்பு வரை மட்டும் தாராளமாக இருந்தது. மேலே எவ்வளவு வெள்ளையாக வெயில் அடித்தாலும் அங்கே வந்து சேர்வது இதுதான். அங்கே ஒரு மீன் இருந்தால் அதற்கு எல்லாத் தாளும் மஞ்சள்தான். எல்லாச் சுவரும் சந்தனம்தான். நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். நைனா அந்தக் குட்டைக்குள் ஒரு முழம் ஆழத்தில் குடியிருந்தார். எப்போது இறங்கினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

அன்று வீட்டுக்குப் போனதும் கெட்டியான குட்டைத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அவர் எதிரே வைத்தேன். "உன் கண்ணுக்குள்ள கீற லென்ஸ் இந்தக் கலர்ல கீது நைனா. அது நீலத்தை எல்லாம் முழுங்கிடுது. உனக்கு மிச்சம்தான் வருது."

நைனா டம்ளரைத் தூக்கி அதன் வழியே என்னைப் பார்த்தார். அவருக்கு அதில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"நீதான சொல்லுவ, வெயில்ல வெச்சா இது வெளுத்துப் பூடும்னு? அப்ப என் கண்ணும் தானா வெளுக்கட்டுமே."

"குட்டையில வெயில் கலரை எடுக்கும். கண்ணுல வெயில் கலரைப் போடும். அதே வெயில்தான் நைனா, வேலைதான் வேற. வயசும் ஒரு காரணம். நீ காலையில கிழக்க பாத்து ஓட்டின, சாயந்தரம் மேற்க பாத்து ஓட்டின. ரெண்டு வேளையும் சூரியன் உன் மூஞ்சிலதான் இருந்துச்சு."

நைனா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அடப்பாவி. ரெண்டு டிரிப்புலயும் கூடவே வந்துகினு இருந்தான். நான் ஒரு நாளும் அவங்கிட்ட டிக்கெட் கேக்கல." சிரித்தாரே ஒழிய, டாக்டரிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. மறுநாளும் வேன் எடுத்தார்.

அந்த வாரக் கடைசியில், குட்டையில் மறுபடி தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. வழக்கம் போல விடியலில் கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து அவர் தோளுக்கு மேலாக ரோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மதுராந்தகம் ஏரிக்கரையில் பனி மெல்லிய பாலாடை போல் மிதந்தது. செய்யூரைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே சூரியன் எங்கள் எதிரே எழும்பியது. ரோடு முழுக்கத் தங்கமாகிவிட்டது. நைனா வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு ஓரமாக ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

நான் ஏதாவது கோளாறோ என்று சக்கரத்தைப் பார்த்தேன். அவர் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு."

என் வாழ்நாளில் அவர் அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் கடலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நேத்து சாயந்தரம் திருக்கழுக்குன்றம் தாண்டி வந்துகினு இருந்தேன். எதிர் வெயில். வண்டில கீறவங்க எல்லாரும் ஒரே கத்தா கத்தினாங்க. நான் பிரேக்க மிதிச்சேன். ஒரு அம்மா ரோட்ட கடந்துனு இருந்துச்சாம். நீலப் புடவையாம், 'அவ்ளோ நீலமா கீது, தெரியலயாண்ணா'ன்றாங்க." புளிய மரத்துப் பட்டையை நகத்தால் கீறினார். "எனக்கு ரோடுதாம்மா தெரிஞ்சுது. அந்த அம்மா நின்ன எடத்துலயும் ரோடுதான் தெரிஞ்சுது."

அவர் கையை இதற்கு முன் பற்றிக்கொண்டது எப்போது என்று எனக்கு நினைவில்லை. அன்று பற்றிக்கொண்டேன். பிறகு நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். கிளட்சை மெல்ல விடு, பள்ளம் வருது, ஆரன் அடி என்று வழி நெடுக ஏசிக்கொண்டே வந்தார். எனக்குக் கோபமே வரவில்லை.

வேனை வேறொரு டிரைவர் பார்த்துக்கொண்டார். செங்கல்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஒவ்வொன்றாகச் செய்யலாம், முதலில் வலது கண், இரண்டும் ஆறி, பரிசோதனையில் பார்வை சரியாக இருந்தால் வண்டி ஓட்டுவதற்குத் தடையில்லை என்றார். "ஓட்டலாமா?" என்று நைனா மறுபடி மறுபடி கேட்டதில் டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேதி வரும்வரை மாடி வேலையை நைனா விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா மஞ்சள் தாளின் ஒரு மூலையைக் கத்தரியால் நறுக்கிவிட்டாள். நைனா விரலால் தடவிப் பார்த்துச் சரியான தட்டில் வைத்தார். முடிவு வந்தது. வெள்ளைத் தாள் தட்டு மளமளவென்று வெளுத்தது, மஞ்சள் பின்தங்கியது. மாடல் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே. என் குட்டைக்குத் தனி விதி ஒன்றும் இல்லை, எல்லாக் குட்டைகளையும் போன்ற நல்ல பிள்ளைதான். வழிகாட்டி அம்மையார் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். இருந்தாலும் அன்று பஸ்ஸில் கொளவாய் ஏரியைத் தாண்டும்போது யாரோ ஊரைவிட்டுப் போய்விட்டது போல ஒரு சின்ன துக்கம் இருந்தது. அதையும் மறைப்பானேன்.

வலது கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு நைனாவை ஆட்டோவில் கூட்டி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் கண்ணாடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"யாருடா இந்த வூட்டுக்கு ஆஸ்பத்திரி பெயிண்ட் அடிச்சது?"

அம்மா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நைனாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பெயிண்ட் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சாயந்தரம் வரை நம்பினார்.

சில வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் கறுப்புக் கண்ணாடி இனி வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் நைனா, "மாமல்லபுரம் வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார். அவருடைய பழைய தடத்துப் பஸ்ஸிலேயே ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். வழியில் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நைனாவின் இடது கால் தானாக அசைந்தது. சூரியன் எங்களுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வயல், பனை, மலை என்று ஒன்றையும் அவர் விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே வந்தார்.

கடற்கரையில் மணலில் நின்றார். இடது கண்ணைக் கையால் மூடினார். கொஞ்ச நேரம். பிறகு வலது கண்ணை மூடினார். மறுபடி இடது. மறுபடி வலது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அவரை வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணில் என் சவுக்குக் குட்டை, இன்னொரு கண்ணில் கடல். மனிதர் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.

"கடலு அப்டியேதாம்மா கீது," என்றார் கடைசியில். "ஒண்ணும் ஆவல. அதே நீலம். நான்தான் அதப் போயி திட்டினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் பார்க்காதது போல மணலைத் தட்டினார்.

திரும்பப் பஸ் பிடிக்க ரோட்டோரம் வந்து நின்றோம். அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் ரோட்டைக் கடந்தாள். கையில் ஒயர் கூடை, நல்ல ஆழ்ந்த நீலத்தில் புடவை. ஒரு பஸ், இரண்டு பைக், ஒரு கார். நின்று, பார்த்து, வேகமாக நடந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். நைனா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவள் கடக்கும்வரை அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. அவள் எங்களைத் தாண்டிக் கடைத்தெருவில் மறையும்வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கி அந்த அம்மா கட்டினு இருந்தது இந்த நீலமா?"

"தெரியல நைனா. நான் பாக்கலியே."

"இவ்ளோ பளிச்சுனு கீதேம்மா." அவர் என்னைப் பார்த்தார். ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும். "இவ்ளோ பளிச்சுனு கீற ஒரு மன்சிய நான் பாக்கல."

பஸ் வந்தது. ஏறும் முன் சட்டைப் பையைத் துழாவி மோட்டார் சைக்கிளின் இன்னொரு சாவியை எடுத்தார். அது அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. என் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டுவிட்டு, இடது கண்ணுக்கும் சீக்கிரம் தேதி வாங்கச் சொன்னார்.